கடலில் கொட்டிய எண்ணெயும் அதைக் கலைக்கும் மருந்தும்: திறனை அளப்பது எப்படி?

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் நாள் பிற்பகல், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த ‘மரீன் ஆனர்’ என்னும் எண்ணெய்க் கப்பலின் மீது, நெதர்லாந்துக் கொடி தாங்கிய ‘வாக்ஸ் மேக்ஸிமா’ என்னும் தூர்வாரும் கப்பல் மோதிற்று. தூர்வாரும் கப்பலின் இயந்திரமும் சுக்கானும் திடீரெனக் கட்டுக்கடங்காமற் போனதே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. எண்ணெய்க் கப்பலின் தொட்டியொன்று பிளந்து, கந்தகம் குறைந்த கப்பல் எரியெண்ணெய் சுமார் 400 டன் கடலிற் கொட்டிற்று. அதிகாரிகள் படகுகளை அனுப்பி, எண்ணெயைக் கலைக்கும் மருந்தைத் தெளித்தார்கள். ஆயினும், மருந்து பட்ட எண்ணெயில் ஒரு பகுதி நீரோட்டத்தோடு சென்று செந்தோசா, லாப்ரடார், தெற்குத் தீவுகள், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை ஆகிய இடங்களில் ஒதுங்கியது.

“மருந்துதான் தெளித்தார்களே, பிறகு எண்ணெய் எப்படிக் கரைக்கு வந்தது?” என்ற கேள்வி அந்நாட்களில் பலர் வாயிலும் இருந்தது. தேக்காச் சந்தையில் மீன் வாங்க நின்றவர்கள் கேட்டார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மருந்தே வீண் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். தெளித்திராவிட்டால் இதைவிடக் கேடு நேர்ந்திருக்கும் என்றும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். இரண்டும் சோதித்துப் பாராமற் சொல்லும் விடைகள். மருந்தின் திறனை விஞ்ஞானிகள் எவ்வாறு சோதிக்கிறார்கள், அச்சோதனையில் கிடைக்கும் எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

சீயக்காயும் சிதறடிப்பு மருந்தும்

துறைமுக வட்டாரத்தில் ‘டிஸ்பர்சன்ட்’ என்று வழங்கும் இப்பொருளைத் தமிழில் சிதறடிப்பு மருந்து எனலாம். இதன் தத்துவம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. தீபாவளியன்று தலையில் வைத்த நல்லெண்ணெய் வெறும் தண்ணீரில் போகாது. சீயக்காயோ அரப்போ தேய்த்தால் போய்விடும். சீயக்காயிலுள்ள நுரைப்பொருளின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை எண்ணெயை நாடும், மறுமுனை தண்ணீரை நாடும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் இம்மூலக்கூறுகள் வரிசையாக நின்றுகொள்ளும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள இழுவிசை குறைந்துவிடுகிறது. அதன் பின் சிறிது அலைப்பு இருந்தாலும் போதும், எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நீருக்குட் போகும். சிதறடிப்பு மருந்தும் இவ்வகை மூலக்கூறுகளை ஒரு கரைப்பானிற் கலந்து செய்யப்பட்டதே. மருந்து எண்ணெயைத் தின்றுவிடுவதில்லை, கரைத்து இல்லாமற் செய்வதுமில்லை. எண்ணெயை நீரின் மேற்பரப்பிலிருந்து நீருக்குள் இடம் மாற்றுகிறது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சிக்கலெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

எங்கள் பள்ளி ஆறாம் வகுப்பில் இதை ஒரு வேளைப் பாடமாக நடத்துவதுண்டு. இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் உப்பு நீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விடுகிறோம். ஒன்றில் மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மூடிக் குலுக்கி மேசைமேல் வைத்தால், முதற் போத்தலில் எண்ணெய் நொடிகளில் மேலே வந்து திரண்டுவிடும். இரண்டாவதில் நீர் வெளுத்துக் கலங்கி வெகுநேரம் அப்படியே நிற்கும். பிள்ளைகள் இதை வேடிக்கை என்று எண்ணுகிறார்கள். ஆனால், உலகத்தின் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் நடக்கும் சோதனையின் சாரம் இவ்வளவுதான்: எண்ணெய், உப்பு நீர், மருந்து, அலைப்பு, பிறகு சற்றே ஓய்வு, அதன் பின் நீருக்குள் எவ்வளவு எண்ணெய் நிற்கிறது என்ற கணக்கு. எவ்வளவு நேரம் அலைப்பது, எவ்வளவு வேகமாக அலைப்பது, எவ்வளவு நேரம் ஓய்வு விடுவது என்பவற்றில்தான் விவகாரம்.

துளியின் அளவு

ஓய்வு நேரத்துக்கு ஏன் இத்தனை முக்கியம்? எண்ணெய்த் துளி நீரைவிட இலேசானது. மேலே வரப் பார்க்கும். அது மேலேறும் வேகம் துளியின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும். நீரைவிடப் பத்து சதவீதம் இலேசான எண்ணெய் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அரை மில்லிமீட்டர்த் துளியொன்று ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டொரு நிமிடத்தில் மேலே வந்துவிடும். 0.07 மில்லிமீட்டர்த் துளிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். 0.01 மில்லிமீட்டர்த் துளிக்கு இரண்டு நாள் வேண்டும். கடல் ஓயாது கலங்கிக்கொண்டிருப்பதால், 0.07 மில்லிமீட்டருக்குக் குறைந்த துளிகள் அநேகமாக மேலே வந்து மீண்டும் படலமாகத் திரள்வதில்லை. அவை நீரோடு நீராகப் பரவி நீர்த்துப் போகும். எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்கள் கடலில் இயற்கையாகவே உள்ளன. துளி சிறுக்கச் சிறுக்க அவற்றுக்கு எட்டும் மேற்பரப்பு பெருகுகிறது. ஆகவே, நல்ல மருந்து எது என்றால் மிகுதியான எண்ணெயை அந்த அளவுக்குக் கீழே நொறுக்குவது எதுவோ அது.

முற்காலத்தில் இத்தகைய கணக்கெல்லாம் பாராமலே மருந்தைக் கொட்டினார்கள். 1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் ‘டோரி கேன்யன்’ என்னும் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் பாறையில் ஏறி, ஏறத்தாழ 1,19,000 டன் கச்சா எண்ணெய் வெளிப்பட்டது. அப்போது கடலிலும் கரையிலுமாகச் சுமார் 10,000 டன் சலவைத் திரவம் பயன்படுத்தப்பட்டது. இயந்திரங்களைக் கழுவுவதற்கென்று செய்த கடுமையான சரக்கு அது. எண்ணெய் மட்டும் பட்ட பாறைகளில் நத்தையினங்கள் ஓரளவு பிழைத்திருந்தன. திரவம் பட்ட பாறைகளில் அவை கூண்டோடு மாண்டன. மேய்வதற்கு நத்தைகள் இல்லாமற் போகவே, பாறைகள் பாசி மூடிப் பச்சைப் பசேலென்று ஆயின. சில இடங்கள் பழைய நிலையை அடையப் பத்தாண்டுக்கும் மேலாயிற்று. இந்தப் பேரழிவுக்குப் பிறகே நச்சு குறைந்த மருந்துகள் வந்தன; ‘முதலில் சோதித்துக் காட்டு, பிறகு விற்பனை செய்’ என்ற விதியும் வந்தது. இன்று சிங்கப்பூரிலும் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அனுமதி பெற்ற மருந்தையே கடலிற் பயன்படுத்தலாம். இந்தியாவில் கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையம் மருந்துகளைச் சோதிக்கிறது. கடலோரக் காவற்படை அனுமதி வழங்குகிறது.

குடுவைக்குள் ஒரு கடல்

பிரிட்டனில் வாரன் ஸ்பிரிங் ஆராய்ச்சிக்கூடத்தார் வகுத்த முறை எளிமையானது. கூம்பு வடிவக் குடுவையில் 250 மில்லிலிட்டர் கடல்நீர். அதன்மேல் 5 மில்லிலிட்டர் எண்ணெய். எண்ணெய்மேல் 0.2 மில்லிலிட்டர் மருந்து, அதாவது 25-க்கு 1 பங்கு. குடுவையை நிமிடத்துக்கு 33 சுற்று வீதம் இரண்டு நிமிடம் தலைகீழாகச் சுழற்றுகிறார்கள். ஒரு நிமிடம் ஓய்வு. பிறகு அடியிலுள்ள திருகைத் திறந்து 50 மில்லிலிட்டர் நீரை எடுத்து, அதிலுள்ள எண்ணெயைப் பிரித்து அளக்கிறார்கள். இட்ட எண்ணெயில் எத்தனை சதவீதம் நீருக்குள் நின்றது என்பதே மருந்தின் மதிப்பெண்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறொரு முறை வழங்கிற்று. பக்கத்தில் மூக்கு வைத்த குடுவையில் 120 மில்லிலிட்டர் உப்பு நீரும் எண்ணெயும் மருந்தும் இட்டு, ஆட்டும் மேசைமேல் வைத்து 20 நிமிடம் சுழலவிட்டு, 10 நிமிடம் ஓய்வு கொடுத்து, மூக்கு வழியாக அடிநீரை எடுப்பார்கள். இம்முறையில் ஒரு தொல்லை. ஒரே மருந்தையும் ஒரே எண்ணெயையும் இரண்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்குக் கொடுத்தால், இரண்டும் வெவ்வேறு எண்ணைச் சொல்லின. ஒரே கூடத்தில் ஆள் மாறினாலும் எண் மாறிற்று. நீர் வழவழப்பான சுவரை ஒட்டிச் சுழன்றதே தவிர நன்றாகக் கலங்கவில்லை. நீர் எடுக்கையில் கை சற்று ஆடினாலும் முடிவு பிசகிற்று.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடங்களில் ஒன்று உண்டு. தேர்வுக்கு இரண்டு இலக்கணம் வேண்டும். யார் திருத்தினாலும் அதே மதிப்பெண் வரவேண்டும், இது நம்பகம். எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதையே அளக்கவேண்டும், இது பொருத்தம். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத தேர்வுகள் பள்ளிகளில் ஏராளம். எண்ணெய் மருந்துத் தேர்வும் இந்த இரண்டு இடங்களில்தான் இடறுகிறது.

நம்பகக் குறையைத் தீர்க்க, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் விஞ்ஞானிகள் குடுவையையே மாற்றினார்கள். புதிய குடுவையின் சுவரில் உள்நோக்கிய மடிப்புகள் இருக்கின்றன. தயிர் மத்துக்குப் பற்கள் ஏன் வைத்தார்களோ, அதே காரணம்தான். சுழலும் நீர் மடிப்புகளில் மோதி மேலும் கீழும் கலங்கும். அடியில் ஒரு திருகு இருப்பதால் நீர் எடுக்கையில் குடுவையைச் சாய்க்க வேண்டியதில்லை. 120 மில்லிலிட்டர் கடல்நீரில் 100 மைக்ரோலிட்டர் எண்ணெய், அதன்மேல் 4 மைக்ரோலிட்டர் மருந்து. நிமிடத்துக்கு 250 சுற்று வீதம் பத்து நிமிடம் ஆட்டி, பத்து நிமிடம் ஓய்வு. எடுத்த நீரிலுள்ள எண்ணெயை ஒரு கரைப்பானில் இறக்கி, அது ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று கருவியால் அளக்கிறார்கள். இம்முறையில் ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடு பெரிதும் குறைந்தது. 2023-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட விதிகளின்படி, மருந்து தேர்ச்சி பெற இச்சோதனையில் 5 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் 70 சதவீதமும் 25 பாகையில் 75 சதவீதமும் எடுக்கவேண்டும். சோதனைக்கு வைக்கும் எண்ணெய் அலாஸ்காவின் வடசரிவுக் கச்சா எண்ணெய்.

பிரிட்டிஷ் முறையில் ஓய்வு ஒரு நிமிடம், இதில் பத்து நிமிடம். 0.1 மில்லிமீட்டர்த் துளி ஒரு நிமிடத்தில் சுமார் 4 சென்டிமீட்டர் ஏறும். பத்து நிமிடத்தில் சுமார் 40 சென்டிமீட்டர். ஆகவே ஒரு முறையில் ‘கலைந்தது’ என்று கணக்கேறும் துளி, மற்றொன்றில் மேலே போய்க் ‘கலையவில்லை’ என்று கழிக்கப்படும். அலைப்பின் வேகமும் வேறு, எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள விகிதமும் வேறு. ஒரு முறையில் 60 எடுத்த மருந்தையும் இன்னொரு முறையில் 80 எடுத்த மருந்தையும் ஒப்பிட்டு, இரண்டாவதே மேல் என்று எவராவது எழுதினால் வாசகர்கள் நம்பவேண்டாம். ஒரே குடுவை, ஒரே எண்ணெய், ஒரே வெப்பம் என்றிருந்தால்தான் எண்ணுக்கு எண் ஒப்பிடலாம்.

சிங்கப்பூர் நீரிணை வைத்த தேர்வுகள்

இனிப் பொருத்தத்துக்கு வருவோம். அலாஸ்கா எண்ணெயில் தேறிய மருந்து சிங்கப்பூர் நீரிணையில் தேறுமா?

1997-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ‘எவோய்கோஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் நீரிணையில் ‘ஓரப்பின் குளோபல்’ என்ற மற்றொரு கப்பலோடு மோதி, ஏறக்குறைய 28,500 டன் கனத்த எரியெண்ணெயை வெளிவிட்டது. சிங்கப்பூர் கண்ட எண்ணெய்க் கசிவுகளில் இதுவே பெரியது. தொடக்கத்தில் மருந்து தெளித்தார்கள். ஆனால் எண்ணெய் மிகவும் பாகானது, மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எண்ணெய்த் திட்டுக்கள் மலாக்கா நீரிணைக்குள் மிதந்து சென்று, டிசம்பரில் சிலாங்கூர்க் கரைகளிலும் ஒதுங்கின.

பாகுத்தன்மைதான் இவ்விஷயத்தில் முதற் சத்துரு. தண்ணீரின் பாகுத்தன்மை ஒன்று என்று கொண்டால், சில ஆயிரம் வரை உள்ள எண்ணெயில் மருந்து ஊறி வேலை செய்யும். ஐயாயிரத்தைத் தாண்டினால் சந்தேகம். பத்தாயிரத்துக்கு மேலே பெரும்பாலும் வீண். மருந்து கெட்டியான எண்ணெய்மேல் விழுந்து, சேம்பிலையில் விழுந்த நீர்போல் உருண்டு கடலிற் போய்விடும்.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ‘நட்டுனா சீ’ என்ற கப்பல் நீரிணையின் இந்தோனேசியப் பக்கத்தில் தரைதட்டிச் சுமார் 7,000 டன் எண்ணெயைச் சிந்திற்று. அது சூடான் நாட்டு நைல் கலவை எண்ணெய், மெழுகு மிகுந்தது. நம் கடல்நீரின் வெப்பம் ஏறக்குறைய 29 பாகை. அந்த எண்ணெய் 30 பாகைக்கு மேலிருந்தால்தான் ஓடும். குளிர்காலத்துத் தேங்காயெண்ணெய் போத்தலில் உறைவது போல, கடலில் விழுந்ததும் கட்டி தட்டும் சரக்கு அது. மருந்தின் மதிப்பெண் நூற்றுக்கு நூறாக இருந்தாலும் கட்டியை எப்படிக் கலைக்கும்?

இலேசான எண்ணெயாயின் நிலைமை மேல். 2010-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ‘புங்கா கெலானா 3’ என்ற மலேசியக் கப்பல் மோதலில் சிக்கிச் சுமார் 2,500 டன் இலேசான கச்சா எண்ணெயை வெளிவிட்டது. அத்தகைய எண்ணெய்மேல் மருந்து நன்கு பிடிக்கும். ஆனால் அங்கே காலம் என்ற இரண்டாம் சத்துரு இருக்கிறது. கடலில் விழுந்த எண்ணெயின் இலேசான பாகம் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும், எஞ்சியது தடிக்கும். அலை அடிக்க அடிக்க எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் புகுந்து, சாக்லேட் கூழ்போல் ஒரு பால்மம் உண்டாகும். அதன் கனவளவு மூன்று, நான்கு மடங்கு பெருகும். பாகுத்தன்மையோ நூறு மடங்குகூட ஏறும். காலையில் மருந்துக்கு இணங்கிய எண்ணெய் மாலையில் இணங்காது. குடுவைச் சோதனையில் எண்ணெய் எப்பொழுதும் புதியது, மருந்து எப்பொழுதும் நேராக அதன்மேல் விழுகிறது. கடலிலோ படகு வந்து சேருமுன்பே எண்ணெய் வேறொன்றாகிவிட்டிருக்கும். புங்கா கெலானாவின் எண்ணெயும் ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி கரைகளுக்கு வரத்தான் செய்தது.

2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து, கப்பல் எரியெண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சர்வதேச விதி நடப்புக்கு வந்தது. காற்றுக்கு நல்லது. ஆனால் அதைச் செய்ய, எண்ணெய்க் கம்பெனிகள் பலவகைச் சரக்குகளைக் கலக்கின்றன. ஒரு கலவை தண்ணியாக ஓடும். மற்றொன்று மெழுகாக உறையும். பெயர் இரண்டுக்கும் ஒன்றே. ஐரோப்பாவில் நார்வே நாட்டார் தலைமையில் இத்தகைய எண்ணெய்கள் பலவற்றைச் சோதித்தபோது, அவை ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டன. குளிர்ந்த நீரில் மருந்துகள் அவற்றின்மேல் குறைந்த பயனே தந்தன. நம் கடல் வெதுவெதுப்பானது என்பது ஓர் ஆறுதல். ஆனால், எவ்வளவு ஆறுதல் என்பதை அந்த எண்ணெயை 29 பாகையில் சோதித்தால்தான் சொல்லமுடியும். 2024-இல் மட்டும் சிங்கப்பூர் கப்பல்களுக்கு விற்ற எரியெண்ணெய் 5 கோடி 49 லட்சம் டன். கப்பல் எரியெண்ணெய் விற்பனையில் உலகிலேயே முதலிடம் பெற்ற துறைமுகம் இது. எனவே இது ஏட்டுக் கேள்வியன்று.

கடலிலேயே சோதிப்பது

குடுவையில் அடங்காததைப் பெரிய தொட்டியில் சோதிக்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ‘ஓம்செட்’ என்ற சோதனைத் தொட்டி 203 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ளது. உப்பு நீரில் செயற்கை அலை எழுப்பி, மெய்யான எண்ணெயைக் கொட்டி மருந்து தெளித்துப் பார்க்கிறார்கள். ஆனால் விபத்து நடந்த வேளையில், நடந்த இடத்தில், மருந்து வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

கண்ணால் பார்ப்பது முதல் வழி. மருந்து பலித்தால் நீருக்குள் பாலூற்றிய காப்பி நிறத்தில் ஒரு கலங்கல் விரியும். பலிக்காமல் மருந்து மட்டும் நீரிற் கலந்தால் கழுநீர் போல் வெளுத்த கலங்கல் தெரியும். எண்ணெய் கறுப்பாக அப்படியே கிடக்கும். அனுபவசாலி ஒருவர் ஆகாய விமானத்திலிருந்தே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவார். ஆயினும் கண் ஏமாறும். தட்டிலுள்ள தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, நடுவில் சோப்பு தொட்ட விரலை வைத்தால், தூள் ஓரத்துக்கு ஓடும். நடுவில் தண்ணீர் தெளிவாகும். ஆனால் தூள் ஒன்றுகூடக் கரையவில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மருந்து விழும்போதும் இதே கூத்து நடக்கிறது. எண்ணெய் விலகி நீர் தெளிந்தது கண்டு ‘கலைந்துவிட்டது’ என்று எழுதிவிட்டால், விலகிய எண்ணெய் அரைமணி நேரத்தில் திரும்பி வந்து நிற்கும்.

ஆதலால் கருவி வேண்டும். எண்ணெய்மேல் புறஊதா ஒளி பட்டால் அது ஒருவகை ஒளியை உமிழும். இவ்வொளியை அளக்கும் கருவியைப் படகிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில் இழுத்துச் செல்கிறார்கள். எண்ணெயில்லா நீரில் ஓர் அளவு, மருந்து தெளிக்காத எண்ணெய்க்கு அடியில் ஓர் அளவு, தெளித்த எண்ணெய்க்கு அடியில் ஓர் அளவு. மூன்றாவது இரண்டாவதைப்போல் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து பலித்தது என்று அமெரிக்க நடைமுறை கொள்கிறது. இதில் ‘தெளிக்காத எண்ணெய்க்கு அடியில்’ என்ற அளவே உயிர்நாடி. அது இல்லாவிட்டால் அலையே செய்த வேலையை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இந்த அளவுதான் என்பது என் ஊகம். பள்ளிக்கூடச் சோதனைகளிலும் பிள்ளைகள் மறப்பது மருந்திடாத போத்தலைத்தான்.

மிக எளியதும் ஒன்று உண்டு. படகிலிருந்தே ஒரு போத்தல் கடல்நீரும், மிதக்கும் எண்ணெயில் கொஞ்சமும் எடுத்து, இரண்டு சொட்டு மருந்து விட்டுக் குலுக்கிப் பார்ப்பது. சதவீதம் தெரியாது. ஆனால் ஆம், இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கலைந்தால் நல்லதா?

மருந்து முழுத் திறனோடு வேலை செய்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சதுர கிலோமீட்டர்க் கடற்பரப்பில் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள எண்ணெய் என்றால், மொத்தம் ஒரு லட்சம் லிட்டர். இருபதுக்கு ஒன்று வீதம் மருந்து 5,000 லிட்டர். சதுர மீட்டருக்கு ஒரு தேக்கரண்டிதான். இந்த எண்ணெய் 10 மீட்டர் ஆழத்துக்குச் சீராகக் கலந்தால் நீரில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருக்கும். அதுவே 2 மீட்டர் ஆழமுள்ள பவளத்திட்டின்மேல் என்றால் 50 பங்கு. ஆழ்கடலில் பறவைகளையும் கரையையும் காக்கும் மருந்து, ஆழமில்லாத நீரில் பவளத்துக்கும் மீன்குஞ்சுக்கும் எமனாகக்கூடும்.

இது வெறும் கணக்கன்று. 1984-இல் பனாமா நாட்டின் கரிபியக் கரையில் இதற்கென்றே ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. கண்டல் மரங்களும் கடற்புல்லும் பவளமும் அருகருகே உள்ள இடங்களைத் தேர்ந்து, ஓரிடத்தில் வெறும் எண்ணெயும், ஓரிடத்தில் மருந்திட்ட எண்ணெயும் விட்டு, ஓரிடத்தை ஒன்றும் செய்யாமல் வைத்தார்கள். மருந்திட்ட இடத்தில் பவளமும் கடல்முள்ளிகளும் முதலில் கடுமையாகச் சேதமடைந்தன. ஆனால் பத்தாண்டுக்குள் பவளம் தேறிற்று. வெறும் எண்ணெய் விட்ட இடத்தில் பவளத்துக்குப் பெருஞ்சேதமில்லை. கண்டல் மரங்களோ பட்டுப்போயின. சேற்றில் ஊறிய எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டிருந்தது. பிற்காலத்தில், 2007-இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்கூடத்தில் பவளத் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையில், வெறும் எண்ணெயைவிட மருந்தும் மருந்திட்ட எண்ணெயும் அதிகம் கொன்றன. ஆக, ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பணயம் வைக்கும் பேரம் இது. சிங்கப்பூரின் தெற்கே சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றிப் பவளம். மேற்கிலும் வடக்கிலும் கண்டற் காடு. ஜொகூர் நீரிணையில் மீன்பண்ணைகள். எல்லாம் சில கிலோமீட்டருக்குள். எங்கே தெளிக்கலாம், எங்கே கூடாது என்ற வரைபடம் கையில் இல்லாமல் மருந்தின் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர், நோயாளியைப் பாராமல் மருந்துச் சீட்டை மட்டும் பார்ப்பவர் ஆவார்.

இப்பொழுது 2024-இன் கேள்விக்குத் திரும்பலாம். கொட்டியது கப்பல் எரியெண்ணெய். இடம், கரைக்கு மிக அருகில். செந்தோசா அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். துறைமுக நீரில் பெரிய அலை இல்லை, ஆனால் நீரோட்டம் வலிது. மருந்து எண்ணெய்க்குள் ஊறவும், அலை அதை நொறுக்கவும், நொறுங்கியது ஆழத்திற் பரவவும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் நீரோட்டம் எண்ணெயைக் கரைக்குக் கொண்டுபோய்விட முடியும். மருந்து பட்ட எண்ணெய் கரையில் ஒதுங்கியது என்ற செய்தி ஒன்றைக்கொண்டு மருந்து தோற்றது என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. எவ்வளவு கலைந்தது, எவ்வளவு கலையாமல் வந்தது என்ற கணக்குக்கு, தெளிக்காத எண்ணெயின் அளவும் தெளித்த எண்ணெயின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

இதைச் செய்யத் தேவையான பொருளில் ஒரு பகுதி இப்போதே கையில் இருக்கிறது. கப்பல் ஒன்று எரியெண்ணெய் ஏற்றும்போது அதில் மாதிரி எடுத்து முத்திரையிட்டு, எண்ணெய் பெரும்பாலும் எரிந்து முடியும்வரை, எப்படியும் 12 மாதத்துக்குக் குறையாமல், காப்பில் வைக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. கந்தகத்தைச் சோதிப்பதற்கென்று வந்த விதி அது. அதே வேளையில் இன்னும் ஒரு சிறு போத்தல் எடுத்து, அனுமதி பெற்ற மருந்துகள் ஒவ்வொன்றோடும், நீரிணையிலிருந்து எடுத்த நீரில், 29 பாகையில், மடிப்புக் குடுவையில் இட்டுப் பார்த்தால் என்ன? ஒரு சோதனைக்கு வேண்டிய எண்ணெய் 100 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டொரு சொட்டு. ஆட்டப் பத்து நிமிடம், ஓய்வு பத்து நிமிடம். எல்லாக் கலவைகளுக்கும் முடியாவிட்டாலும், துறைமுகத்தில் அதிகம் விற்கும் கலவைகளுக்கேனும், புதியதாக ஒரு முறையும் ஒரு நாள் வெயிலில் ஆறவைத்து ஒரு முறையும் செய்து பட்டியலிட்டு வைக்கலாம். அடுத்த முறை தொட்டி பிளக்கும்போது, படகை மருந்தோடு அனுப்புவதா, மிதவைத் தடுப்பும் அள்ளும் கருவியும் ஏற்றி அனுப்புவதா என்று முடிவு செய்யும் அதிகாரியின் மேசைமேல் அந்தப் பட்டியல் இருக்கவேண்டும்.